ஒன்பது நிமிடக் கணக்கு

(திருப்பூர் காதர்பேட்டையில் வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரிதும் மாற்றப்படாமல் தரப்படுகிறது.)

 

பயணத் தொலைவும் விமான நேரமும் என்ற தலைப்பை நோட்டீஸில் பார்த்துவிட்டு, கஸ்ரு தொழுகையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சில பெரியவர்கள் எண்ணியிருக்கிறார்கள். வாசலிலேயே ஒருவர் கேட்டுவிட்டார். அது ஆலிம்களின் துறை. நான் முப்பது வருடமாகச் சரக்கு அனுப்புகிற ஆள். எனக்குத் தெரிந்தது பெட்டியும் பில்லும் நேரமும்தான். அதை மட்டும் பேசுகிறேன்.

போன மாதம் பக்கத்துத் தெரு டீக்கடையில் நின்றிருந்தேன். செக்கிங் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கைப்பேசியோடு வந்தார். "பாய், கோயமுத்தூர் ஏர்போர்ட்டிலிருந்து கோழிக்கோடு ஏர்போர்ட்டுக்கு ஒன்பது நிமிஷம்தான்னு போட்டிருக்கு, நிஜமா?" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய மச்சானுக்கு ஜித்தா விசா வந்திருக்கிறது. விமானம் கரிப்பூரிலிருந்து. வீட்டில் எல்லோரும் வழியனுப்பப் போக வேண்டும். எப்போது கிளம்புவது, எதில் போவது என்று தெரியவில்லை. அவர் கேட்டது விளையாட்டுக் கேள்வி அல்ல. ஒரு குடும்பத்தின் கடன், நகை, எதிர்பார்ப்பு எல்லாம் அந்தக் கேள்விக்குள் இருந்தது.

ஒன்பது நிமிடம் எங்கிருந்து வந்தது? யாரோ ஒருவர் இரண்டு ஊருக்கும் நேர்கோட்டில் உள்ள தூரத்தை எடுத்து, விமானத்தின் வேகம் மணிக்கு 800 கிலோமீட்டர் என்று வைத்து வகுத்திருக்கிறார். தூரம் 120 கிலோமீட்டர். 120-ஐ 800-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கினால் ஒன்பதுதான் வரும். கணக்கில் பிழை இல்லை. ஆனால் அப்படி ஒரு பயணம் இந்த உலகத்தில் இல்லை!

அந்த 120 கிலோமீட்டரை முதலில் பார்ப்போம், ஏனென்றால் அதில் ஓர் அதிசயம் இருக்கிறது. வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளின் அட்லஸை எடுத்து அளவுகோலை வைத்துப் பாருங்கள். பீளமேட்டில் இருக்கும் கோவை விமான நிலையத்திலிருந்து கரிப்பூரில் இருக்கும் கோழிக்கோடு விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். பீளமேட்டிலிருந்து நெடும்பாசேரியில் இருக்கும் கொச்சி விமான நிலையத்துக்கும் ஏறத்தாழ 120. கரிப்பூரிலிருந்து நெடும்பாசேரிக்கும் அதே 120 கிலோமீட்டர்தான்! மூன்று பக்கமும் ஒரே அளவான முக்கோணம். பள்ளிக்கூடத்தில் காம்பஸ் வைத்து வரைவோமே, அதைப் போல. யாரும் திட்டம் போட்டுக் கட்டியது அல்ல, அப்படி அமைந்துவிட்டது.

ஆனால் இந்த மூன்று முனையும் சமமாக இருக்கிறதா? இல்லை. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

விமானக் கம்பெனிகள் அச்சிடும் நேரம் காற்றில் பறக்கும் நேரம் அல்ல. விமானத்தின் சக்கரத்தில் வைத்திருக்கும் முட்டுக்கட்டையை எடுத்த நிமிடம் தொடங்கி, இறங்கிய ஊரில் மறுபடி முட்டுக்கட்டை வைக்கும் நிமிடம் வரை அவர்களுக்குக் கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானத்துக்காகக் காத்திருப்பது, இறங்கிய பிறகு ஊர்ந்து வருவது எல்லாம் அதில் சேரும். அது போதாதென்று, பத்தாயிரம் அடி உயரத்துக்குக் கீழே 250 நாட் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று பொது விதி இருக்கிறது. ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர். ஆக, மணிக்கு 463 கிலோமீட்டருக்கு உள்ளேதான். 800, 830 என்ற வேகமெல்லாம் மேலே ஏறிச் சமமாகப் பறக்கும்போதுதான். 120 கிலோமீட்டர் தூரத்தில் ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்க வேண்டும்.

நீங்களே அனுபவத்தில் பார்க்கலாம். கோவையிலிருந்து பெங்களூரு விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 250 கிலோமீட்டர். சென்னை சுமார் 400 கிலோமீட்டர். தூரத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் வித்தியாசம். டிக்கெட்டில் பாருங்கள், பெங்களூருக்கு ஒரு மணியை ஒட்டியும் சென்னைக்கு ஒரு மணிக்குச் சற்று மேலும் போட்டிருப்பார்கள். பத்துப் பதினைந்து நிமிடம்தான் கூடுதல். தூரம் குறைந்தால் நேரமும் அதே அளவில் குறையும் என்ற கணக்கு வானத்தில் செல்லாது. லாரிக்காரரிடம் கேட்டாலும் இதையேதான் சொல்வார். அவிநாசியில் இறக்கினாலும் ஈரோட்டில் இறக்கினாலும் ஏற்றுகூலி ஒன்றுதான்.

ஆகவே கோவையிலிருந்து கொச்சிக்கோ கரிப்பூருக்கோ ஒரு சிறிய ஏடிஆர் விமானம் போனால், அச்சிட்ட நேரம் முக்கால் மணியை ஒட்டி இருக்கும். அப்படிப் போனதும் உண்டு. 2018 ஆகஸ்ட் வெள்ளம் நினைவிருக்கிறதா? பெரியாறு பொங்கி நெடும்பாசேரி ஓடுபாதை குளமாகிவிட்டது. ஆகஸ்ட் 15 முதல் 29 வரை விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். அப்போது கொச்சி கடற்படைத் தளத்தைத் திறந்துவிட்டு, அலையன்ஸ் ஏர் நிறுவனம் பெங்களூரிலிருந்தும் கோவையிலிருந்தும் ஏடிஆர் விமானங்களை அங்கே இயக்கியது. கொச்சிக்குப் போக வேண்டியவர்கள் பலர் நம் பீளமேட்டில் வந்து இறங்கினார்கள். அந்த இரண்டு வாரம் கோவை கேரளத்துக்கு ஒரு வாசலாக இருந்தது.

மற்ற நாளில் நிலைமை வேறு. கோவையிலிருந்து கோழிக்கோட்டுக்கு விமானம் தேடினால், சென்னைக்கோ பெங்களூருக்கோ மும்பைக்கோ போய் மாறி வரச் சொல்கிறது. 120 கிலோமீட்டர் மேற்கே போக, முதலில் 400 கிலோமீட்டர் கிழக்கே போக வேண்டும்! அரை நாள் போய்விடும். அந்தத் தம்பியிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை.

இப்போது வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுவோம். திருப்பூரிலிருந்து பீளமேடு 45 கிலோமீட்டருக்கு மேல். காலையில் போனால் ஒன்றேகால் மணி வைத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டு விமானமென்றால் ஒன்றரை மணியாவது முன்னால் போக வேண்டும். பறக்க முக்கால் மணி. இறங்கிப் பெட்டி எடுத்து வெளியே வர அரை மணி. கூட்டினால் நான்கு மணி. காரில் போனால்? அவிநாசி, கோவை, பாலக்காடு, திருச்சூர், அங்கமாலி என்று 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நேராகக் கொண்டுபோய் நெடும்பாசேரி பக்கத்தில் விடுகிறது. ஏறத்தாழ 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நான்கு மணி, நெரிசல் என்றால் ஐந்து. முன்பெல்லாம் குதிரான் மலையில் லாரி ஒன்று படுத்துவிட்டால் போதும், விடிய விடிய அங்கேயே நிற்க வேண்டும். எத்தனை பேர் அந்த மலையில் நின்றே விமானத்தைத் தவறவிட்டிருக்கிறார்கள்! 2021 ஜூலை 31 அன்று குதிரான் குகைப்பாதையில் ஒன்றைத் திறந்தார்கள், அடுத்த ஜனவரியில் மற்றதையும் திறந்தார்கள். நமக்கு அது எந்தப் புது விமானத்தையும்விடப் பெரிய லாபம்.

ஆகவே வணிகர்கள் சிலர் மனு எழுதுகிறார்களே, "கோவை-கொச்சி விமானம் விடுங்கள், கோவை-கோழிக்கோடு விமானம் விடுங்கள்" என்று, அதில் எனக்கு உடன்பாடு இல்லை. இங்கேயே அமர்ந்திருக்கிறார்கள், கோபிக்க வேண்டாம். நான்கு மணியில் காரில் போகிற இடத்துக்கு நான்கு மணியில் விமானத்தில் போவதற்காக நாம் ஏன் நம் குரலைச் செலவழிக்க வேண்டும்? இரயிலும் இருக்கிறது. ஆலுவாவிலோ அங்கமாலியிலோ இறங்கினால் நெடும்பாசேரி பக்கம். கரிப்பூருக்கு என்றால் கோழிக்கோட்டிலோ பரோக்கிலோ இறங்கி வண்டி பிடிக்கலாம். சாலையில் கரிப்பூர் போகிறவர்கள் பாலக்காடு, மண்ணார்க்காடு, பெருந்தல்மண்ணா வழியாகப் போகிறார்கள். அது நான்கு வழிச்சாலை அல்ல, ஊருக்கு ஊர் கடைவீதி. தூரத்தைப் பார்த்து நேரத்தை முடிவு செய்யாதீர்கள். கொச்சிக்கு வைப்பதைவிட ஒரு மணியாவது கூட வையுங்கள்.

நாம் கேட்க வேண்டியது பக்கத்து விமான நிலையத்துக்கு விமானம் அல்ல. பக்கத்து விமான நிலையத்துக்கு நாம் ஏன் போகிறோம்? வளைகுடாவுக்குப் போகத்தானே! அந்த விமானம் நம் ஊரில் ஏன் இல்லை என்பதுதான் கேள்வி.

அதற்குப் போகுமுன் இளைஞர்களுக்கு இரண்டு விஷயம். சிறியது என்று அலட்சியம் செய்ய வேண்டாம்.

முதலாவது, டிக்கெட்டில் இருக்கும் நேரம் அந்தந்த ஊரின் கடிகார நேரம். அமீரகம் நமக்கு ஒன்றரை மணி பின்னால். சவூதி இரண்டரை மணி பின்னால். சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். கோவையிலிருந்து ஷார்ஜா நேர்கோட்டில் ஏறத்தாழ 2,770 கிலோமீட்டர், நான்கு மணிப் பயணம். டிக்கெட்டில் புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் கழித்துப் பார்த்தால் இரண்டரை மணிதான் வரும். திரும்பி வரும்போது கழித்தால் ஐந்தரை மணி வரும். "போகும்போது வேகமான விமானம், வரும்போது மெதுவான விமானம்" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். உண்மையில் குளிர்காலத்தில் நடப்பது தலைகீழ். மேலே மேற்குக் காற்று பலமாக இருக்கும்போது, வளைகுடாவிலிருந்து வரும் விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளும், போகும் விமானத்தை எதிர்க்கும். வரும் பயணம்தான் சற்றுக் குறையும்.

இரண்டாவது, நள்ளிரவுக் கணக்கு. எனக்கு மிக நெருங்கிய ஒருவருடைய மகன். பேர் வேண்டாம். பவர்டேபிள் தைத்து, ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசும் அத்தா வாங்கிய கடனும் போட்டு விசா எடுத்தார்கள். கொச்சியிலிருந்து விமானம். டிக்கெட்டில் 14-ஆம் தேதி 00.40 என்று இருந்தது. 14-ஆம் தேதி பகலெல்லாம் வீட்டில் சொந்தக்காரர்களோடு இருந்து, பிரியாணி போட்டு, அஸருக்குப் பிறகு வேன் வைத்துக் கிளம்பினார்கள். இரவு பத்து மணிக்கு நெடும்பாசேரி போய்ச் சேர்ந்தால், "உங்கள் விமானம் நேற்று இரவே போய்விட்டது" என்கிறார்கள். 00.40 என்றால் 13-ஆம் தேதி இரவு பன்னிரண்டு மணி கடந்து நாற்பது நிமிடம்! அந்த அம்மா வேனை விட்டு இறங்கவே இல்லை. அந்தப் பையன் எட்டு மாதம் கழித்து வேறு விசாவில் போனான். இடைப்பட்ட எட்டு மாதமும் அந்தக் கடனுக்கு மாதத் தவணை கட்டினார்கள். பன்னிரண்டுக்கும் காலை ஆறுக்கும் இடையில் விமானம் என்றால், முந்தின நாள் மாலையே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். இதை வீட்டுச் சுவர் காலண்டரில் சிவப்பு மையில் எழுதி வையுங்கள். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி முன்பாக வரச் சொல்கிறார்கள். ஒரு மணி முன்பாகக் கவுண்டரை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு அழுதாலும் திறக்காது.

இனி வணிகர்களுக்கு.

1925 வாக்கில் குலாம் காதர் என்ற பெரியவர் கல்கத்தாவிலிருந்து இயந்திரம் கொண்டுவந்து இந்த ஊரில் பின்னலாடைத் தொழிலைத் தொடங்கியதாகச் சொல்வார்கள். நாம் நிற்கும் காதர்பேட்டைதான் அந்தத் தொழிலின் பழைய மையம். கல்கத்தாவிலிருந்து அந்த இயந்திரம் இரயிலில்தான் வந்திருக்க வேண்டும். அவசரம் இருந்திருக்காது. இன்று எல்லாமே அவசரம். "ஏர்ல போகுது" என்ற வார்த்தையைக் கேட்டாலே முதலாளிக்கு வயிறு கலங்குகிறது. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. விமானத்தில் அனுப்புவது பெருமை என்று நினைப்பார்கள். திருப்பூரில் அதற்கு அர்த்தம் வேறு. துணி தாமதம், சாயம் தாமதம், கப்பல் தேதி போய்விட்டது, பையர் விடமாட்டேன் என்கிறார், இப்போது உன் செலவில் விமானத்தில் அனுப்பு என்று அர்த்தம்.

நானும் பட்டிருக்கிறேன். 2011 ஜனவரி கடைசியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் நொய்யல் கரைச் சாயப்பட்டறைகளை மூடினார்கள். நொய்யலைப் பாழாக்கியது நாம்தான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் கையில் ஆர்டர் இருந்தது. துணியை வெளி மாநிலத்துக்கு அனுப்பிச் சாயமேற்றிக் கொண்டுவந்து, தைத்து, அயர்ன் பண்ணி, பேக்கிங் முடிப்பதற்குள் தூத்துக்குடியில் ஏற்ற வேண்டிய தேதி பன்னிரண்டு நாள் கடந்துவிட்டது. பெட்டிகளை லாரியில் ஏற்றிச் சென்னைக்கு, 450 கிலோமீட்டருக்கு மேல், இரவோடு இரவாக அனுப்பி அங்கிருந்து விமானம். அந்த ஆர்டரில் இலாபம் போய், கைக்காசும் போனது. பீளமேடு 45 கிலோமீட்டரில் இருக்கிறது. அங்கே ஏற்றியிருந்தால் என்ன என்று கேட்பீர்கள். ஐரோப்பாவுக்குப் போகும் பெரிய விமானம் அங்கே வருவதில்லை. சிறிய விமானத்தின் வயிற்றில் பயணிகளின் பெட்டி போக மிச்சமிருக்கும் இடம் எவ்வளவு? என் சரக்கு நாலு நாள் வரிசையில் நிற்கும். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கிய பிறகு, ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனபோது, இரண்டு வாரம் வரை கூடுதலானது. அப்போது விமானத்துக்கு ஓடாதவர் யார்?

பெரிய விமானம் ஏன் வருவதில்லை? ஓடுபாதை. கோவை ஓடுபாதை 2,990 மீட்டர். அதை 3,800 மீட்டர் அளவுக்கு நீட்டும் திட்டம் 2010-இல் வந்தது. 627 ஏக்கர் நிலம் தேவை என்றார்கள். நில எடுப்பு, இழப்பீடு, மாநில அரசுக்கும் விமான நிலைய ஆணையத்துக்கும் இடையில் நிபந்தனை என்று பத்தாண்டுக்கு மேல் இழுத்தது. நிலம் கொடுத்தவர்களின் வலியையும் மறக்கக் கூடாது, வீடும் தோட்டமும் போனவர்கள் அவர்கள். ஆனால் பக்கத்து மாநிலத்தில் என்ன நடந்தது? கொச்சியில் வளைகுடாவில் உழைத்தவர்கள் உட்பட ஆயிரக்கணக்கானவர்களிடம் பங்கு திரட்டி, அரசும் சேர்ந்து, புதிதாகவே ஒரு விமான நிலையம் கட்டினார்கள். 1999 மே 25 அன்று குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் திறந்து வைத்தார். ஓடுபாதை 3,400 மீட்டர். 2018 டிசம்பரில் கண்ணூரில் இன்னொன்றைத் திறந்தார்கள், ஓடுபாதை 3,050 மீட்டர்.

ஓடுபாதை சிறியதானால் நம் பைக்கு என்ன ஆகும் என்பதைக் கரிப்பூரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். 1988-இல் திறந்த விமான நிலையம் அது. குன்றின் தலையை வெட்டி மேசை போல் சமன் செய்து போட்ட ஓடுபாதை, 2,860 மீட்டர். மலபார் முழுவதும் வளைகுடாவுக்குப் போனது அதன் வழியாகத்தான். 2015-இல் ஓடுபாதைப் பராமரிப்பைச் சொல்லிப் பெரிய விமானங்களை நிறுத்தினார்கள். ஹஜ் புறப்பாடும் கொச்சிக்குப் போய்விட்டது. 2018 கடைசியில் பெரிய விமானம் மறுபடி வந்தது. 2020 ஆகஸ்ட் 7 அன்று, கொரோனா காலத்தில் துபாயிலிருந்து மக்களை ஏற்றி வந்த விமானம் கொட்டும் மழையில் ஓடுபாதையைத் தாண்டிச் சரிவில் விழுந்து உடைந்தது. 21 உயிர்கள் போயின. அந்த ஊர்க்காரர்கள் கொரோனா பயத்தையும் பாராமல் ஓடிப்போய்ச் சிதைவிலிருந்து ஆட்களைத் தூக்கி வந்தார்கள். அதன் பிறகு பெரிய விமானம் மீண்டும் நின்றது.

விளைவு? 2024 ஹஜ்ஜுக்குக் கரிப்பூரிலிருந்து விமானக் கட்டணம் ஒன்றரை இலட்சம் ரூபாய்க்கு மேல் என்று முதலில் வந்தது. கொச்சியிலும் கண்ணூரிலும் ஏறத்தாழ அதில் பாதிதான்! ஒரே மாநிலம், ஒரே ஜித்தா, நடுவில் 120 கிலோமீட்டர். சிறிய விமானத்தில் ஆள் குறைவு, அதனால் தலைக்குச் செலவு கூடுதல் என்றார்கள். போராடிய பிறகு ஓரளவு குறைத்தார்கள். பாதிக் காசில் 120 கிலோமீட்டர் தள்ளிப் போய் ஏறலாம் என்றால் எந்த ஹாஜி கரிப்பூரில் ஏறுவார்? முக்கோணத்தின் ஒரு முனை இன்னொரு முனையைத் தின்றுவிட்டது.

நம் முனையின் கதையும் இதுதான். பார்க்கப் போனால் நம்முடைய ஹஜ் கதை இன்னும் விசித்திரமானது. 2021 நவம்பரில், அடுத்த ஆண்டு ஹஜ்ஜுக்கான புறப்பாட்டு இடங்களை 21-இலிருந்து 10 ஆகக் குறைத்தார்கள். சென்னையை நீக்கி, தமிழக ஹாஜிகள் கொச்சியில் ஏற வேண்டும் என்றார்கள். முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். நம் அமைப்புகள் எல்லாம் குரல் கொடுத்தன. 2023-இல் சென்னை திரும்பக் கிடைத்தது. சரியான கோரிக்கை, நியாயமான வெற்றி. கன்னியாகுமரி முதல் கும்மிடிப்பூண்டி வரை இருக்கிற ஒரு மாநிலத்துக்கு ஒரு புறப்பாட்டு இடம்கூட இல்லை என்பது அநியாயம்.

ஆனால் மனசாட்சியோடு ஒன்று சொல்கிறேன். திருப்பூர்க்காரனுக்குச் சென்னை 450 கிலோமீட்டருக்கு மேல். கொச்சி 200 சொச்சம். நம் ஊர் வயதான ஹாஜிகளுக்கு அந்த ஒரு வருடம் பாதித் தூரம் மிச்சமானது. சென்னைக்காக நாம் கோஷம் போட்டோம், போட வேண்டியதுதான். கோவைக்காக யார் போட்டார்கள்? கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி, கரூர் என்று இந்தப் பக்கத்து ஹாஜிகள் எத்தனை பேர் என்று அந்த மனுவில் ஒரு எண்ணிக்கை இருந்ததா? இல்லை. நம்மிடமே இல்லை!

கண்ணூரை 2023-இல் ஹஜ் புறப்பாட்டு இடமாக்கினார்கள். 2024-இல் சவூதியாவின் பெரிய விமானமே அங்கிருந்து ஹாஜிகளை ஏற்றிப் போனது. ஓடுபாதை 3,050 மீட்டர் என்று சொன்னேன். கோவைக்கும் அதற்கும் வித்தியாசம் 60 மீட்டர். ஓடுபாதை நீளம் மட்டும் கணக்கல்ல, பெரிய விமானம் நிற்க இடம் வேண்டும், தீயணைப்பு வசதி அந்தத் தரத்துக்கு வேண்டும், முனையத்தில் இடம் வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அதிகாரிகள் "ஓடுபாதை போதாது" என்று ஒரே வரியில் சொல்லும்போது, கண்ணூரைச் சொல்லித் திருப்பிக் கேட்க நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு பூட்டும் இருக்கிறது. வெளிநாட்டு விமானக் கம்பெனி நம் ஊரில் இறங்க, இரு நாட்டு அரசுகளின் உடன்பாட்டில் நம் ஊர்ப் பெயர் இருக்க வேண்டும். துபாயுடனான உடன்பாட்டில் கோவையைச் சேர்க்கும்படி இங்குள்ள தொழில் அமைப்புகள் பல வருடமாகக் கேட்டு வருகின்றன. ஷார்ஜாவுக்கு ஏர் அரேபியா போகிறது. நம் நாட்டுக் கம்பெனிகளுக்கு அந்தத் தடை இல்லை. அதனால்தான் 2024 ஆகஸ்டில் இண்டிகோ கோவையிலிருந்து அபுதாபிக்கு நேரடி விமானம் தொடங்க முடிந்தது. அந்த விமானத்தில் எத்தனை திருப்பூர்க்காரர்கள் போனோம்? "கொச்சியில் ஆயிரம் ரூபாய் குறைவு" என்று வேன் பிடித்து அங்கேதான் போகிறோம். வேன் வாடகை, வழியில் சாப்பாடு, வழியனுப்ப வந்த ஆறு பேரின் ஒரு நாள் கூலி, இதையெல்லாம் கூட்டினால் அந்த ஆயிரம் எங்கே போனது? காலியாகப் போகும் விமானத்தைக் கம்பெனி நிறுத்திவிடும். பிறகு நாமே மனு எழுதுவோம்.

அதனால் நான் ஊர்வலம் கேட்கவில்லை, உண்ணாவிரதம் கேட்கவில்லை. ஒரு நோட்டு கேட்கிறேன். ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒரு நோட்டு. இந்த வருடம் உங்கள் வீட்டிலிருந்து வெளிநாடு போனவர் எத்தனை பேர், உம்ரா போனவர் எத்தனை பேர், எந்த விமான நிலையத்தில் ஏறினார்கள், வீட்டை விட்டுக் கிளம்பியது எத்தனை மணி, விமானம் கிளம்பியது எத்தனை மணி, டிக்கெட் எவ்வளவு, வழிச்செலவு எவ்வளவு. வணிகர்கள் இன்னொரு பக்கத்தில் எழுதுங்கள்: எத்தனை கிலோ விமானத்தில் போனது, எந்த ஊரில் ஏற்றினீர்கள், எத்தனை நாள் காத்திருந்தது. பையர் பெயரோ விலையோ வேண்டாம், தொழில் இரகசியம் எனக்கும் தெரியும். பெயரும் வேண்டாம், எண்ணிக்கை போதும். நம் மக்களோடு நிறுத்தாதீர்கள். பக்கத்துக் கம்பெனி கவுண்டரும் செட்டியாரும் இதே லாரியைத்தான் சென்னைக்கு அனுப்புகிறார்கள். அவர்களும் எழுதட்டும். விமானம் எல்லோருக்கும் பொது.

ஆறு மாதத்தில் அந்த நோட்டுகளைக் கூட்டினால் ஒரு தொகை வரும். அதை எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியரிடம் போகலாம், நாடாளுமன்ற உறுப்பினரிடம் போகலாம், ஹஜ் குழுவிடம் போகலாம், விமானக் கம்பெனியிடமே போகலாம். "எங்கள் மக்கள் கஷ்டப்படுகிறார்கள்" என்று சொன்னால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வருடத்துக்கு இத்தனை பேர், இத்தனை கிலோ என்று சொன்னால் உட்கார வைத்துக் கேட்பார்கள்.

அந்த டீக்கடைத் தம்பியின் மச்சான் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அதிகாலை விமானம். முந்தின நாள் மதியம் மூன்று மணிக்கே கிளம்பச் சொன்னேன். மண்ணார்க்காட்டில் ஒரு மணி நேரம் நெரிசலில் நின்றார்களாம், இருந்தும் நேரத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஜித்தாவிலிருந்து எனக்குக் குரல் செய்தி அனுப்பியிருக்கிறார்.

முதல் நோட்டு வாசலில் மேசைமேல் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. டீ ஆறுவதற்குள் எழுதிவிட்டுப் போங்கள். வஸ்ஸலாம்.